ஒரு மொறம் தவிடு

மாடு ஒண்ணு மனுசப் பிள்ளையை வெலைக்கு வாங்கிருச்சுன்னு சொன்னா எங்க ஊர்ல யாரும் வாயைப் பொளக்க மாட்டாங்க. என்ன வெலைன்னுதான் கேப்பாங்க. ஒரு மொறம் தவிடுன்னு சொன்னா, அட, தவிடு விக்கற வெலைக்கு அதொண்ணும் கொறைச்சல் இல்லையேன்னு சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அவங்கவங்க சோலியைப் பாக்கப் போயிருவாங்க. அப்பேர்ப்பட்ட ஊரு. நடந்ததென்னவோ எங்க தோட்டத்துல, என் கண்ணு முன்னால.

எங்கூட்டுக்காரருக்கு ஒரு நாள் திடீர்னு கிறுக்குப் புடிச்சுது. தென்னைக்கு நடுவுல ஓடு போட்டு நாலு ரூமு கட்டி, ரோட்டு முக்குல போர்டு ஒண்ணு நட்டாரு. 'அன்பான கால்நடைகளோடு ஒரு வாரம் தங்குங்கள்' அப்படின்னு. மெட்ராஸ்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் ஒறம்பரை, விருந்தாளிக, வர ஆரம்பிச்சாங்க. காசு குடுத்துட்டு வர்ற ஒறம்பரையை நான் அப்பத்தான் பாத்தேன். எங்க ஆடுக வர்றவங்க மடியில தலையை வெச்சுப் படுக்கும், வான்கோழி தோள்ல ஏறி உக்காரும், கருப்பன்னு ஒரு நாயி, அது கடிக்கறதுங்கற வித்தையையே மறந்துபோச்சு. மனுசங்கதான் ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறமே தவிர, எங்க தோட்டத்துல மாடு கன்னு அத்தனையும் அன்பா இருந்துதுங்க, அதைக் கொறை சொல்ல முடியாது.

அதுகளுக்கெல்லாம் தலைவி மயிலை. காங்கேயம் மாடு, சாம்பல் நெறம், நிமிர்ந்த கொம்பு, கண்ணுல மை தீட்டிவிட்டாப்புல இருக்கும். அது ஐப்பசி மழையில ஒரு கன்னு போட்டு, போட்ட சூட்டோட கன்னு செத்துப்போச்சு. காங்கேயம் மாடு கன்னைப் பாக்காம பாலை எறக்காது. வந்தவங்க பிள்ளைக பால் பீச்சிப் பாக்கோணுமே, அதுக்குத்தானே காசு குடுத்துட்டு வர்றாங்க. அதனால எங்கூட்டுக்காரரு செத்த கன்னோட தோலுக்குள்ள வைக்கோலைத் திணிச்சுத் தைச்சு, பால் பீச்சற நேரத்துக்கு மயிலை மூஞ்சிக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துவாரு. அது வைக்கோலை நக்கிக்கிட்டே பாலை எறக்கும். எனக்கு வயிறு எரியும். "இந்தப் பாவத்தை எந்தத் தண்ணியில போயிக் கழுவுவீங்க?"ன்னு கேப்பேன். "உலகத்துல நடக்காததையா நான் செஞ்சுட்டேன்?"ம்பாரு. ஆனா ஒண்ணு, அன்னியிலிருந்து மயிலை தவிட்டைத் தொடவே இல்ல. வைக்கோல் திங்கும், தண்ணி குடிக்கும், தொட்டியில தவிட்டைப் போட்டா அதை மூக்கால ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சுரும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப மெட்ராஸ்ல இருந்து செழியன்னு ஒரு தம்பி, அவரு சம்சாரம் வதனி, ஆறு வயசுப் பொண்ணு ஆதிரை, மூணு பேரும் வந்தாங்க. வதனிக்குப் பொண்ணு மேலயே கண்ணு. புள்ள வரப்புல ஓடுனா இவளும் ஓடுவா, தும்முனா நெத்தியைத் தொட்டுப் பாப்பா. "கண்ணாடிச் சாமானாட்ட வளக்கறீங்களே அம்மிணி"ன்னு நான் கேலி பண்ணுனேன். செழியன் தம்பி தனியா வந்து, "இவளுக்கு முன்னாடி ரெண்டு தங்கலைக்கா, அதை அவ வாயாலே பேசவே மாட்டா"ன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் நான் கேலி பண்ணலை.

அந்தப் புள்ளையும் மயிலையும் பாத்த ஒடனே ஒட்டிக்கிச்சுங்க. பொழுதுக்கும் மாடு கட்டற கட்டுத்தரையிலதான் கெடக்கும். ஒரு நாள் பொழுதோட வதனி சோத்துக்குக் கூப்புட வந்தா. புள்ள மயிலையோட கழுத்தைக் கட்டிக்கிட்டு, வரமாட்டேன், இங்கதான் தூங்குவேன்னு ஒரே அடம். நாங்க நாலஞ்சு பேரு நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கோம். வதனி இடுப்புல கையை வெச்சுக்கிட்டுச் சொன்னா:

"சரி, இங்கயே இரு. உன்னை இந்த மயிலைகிட்ட இருந்துதானே ஒரு மொறம் தவிட்டுக்கு வாங்கிட்டு வந்தேன்."

"நெஜமாவாம்மா?"

"நெஜமாத்தான். ஒரு மொறம் தவிட்டைத் திருப்பிக் குடுத்துட்டு இவளே உன்னை வெச்சுக்கட்டும்."

தமிழ்நாட்டுல இதைக் கேக்காம வளந்த புள்ள உண்டா? எங்கம்மா என்னைச் சொல்லியிருக்கா, நான் என் பையனைச் சொல்லியிருக்கேன். பிள்ளை தங்காத வூட்டுல பொறந்த புள்ளையைப் பேருக்கு இன்னொருத்திகிட்டக் குடுத்து, தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்குவாங்க, எமன் ஏமாந்து போகட்டும்னு. அந்த வழக்கம் தேஞ்சு தேஞ்சு வெறும் கேலிப்பேச்சா நின்னுபோச்சு. சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி, பிள்ளையைப் பறிகுடுத்தவ வாயிலயும் அது வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சோம். சிரிக்காதது ரெண்டே பேரு. ஒண்ணு ஆதிரை. இன்னொண்ணு மயிலை, அது அசை போடறதை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு நின்னுச்சு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம நான் வாசல் தெளிச்சுக்கிட்டிருக்கேன், மயிலை கட்டுத்தரையில இருந்து வருது. வாயில மொறத்தைக் கவ்வியிருக்குது, மொறம் நெறையத் தவிடு, அத்தனை நாளா தின்னாம ஒதுக்கி வெச்ச தவிடு, ஒரு துளி சிந்தலை. நேரா அவங்க ரூமு வாசல்ல வெச்சுட்டு, வந்த வழியே திரும்பிப் போச்சு. மருமகளாட்ட வேலை செய்யுதேன்னு நெனச்சுக்கிட்டு நான் கோலத்தைப் போட்டு முடிச்சேன். வதனி கதவைத் தொறந்தா, மொறத்தைப் பாத்தா. வர்றவங்க காத்தால கோழிக்குத் தீனி போடறது எங்கூட்டுக்காரரு வெச்ச வழக்கம், அதுக்குத்தான் இதுன்னு நெனச்சு, ரெண்டு கையாலயும் எடுத்துக்கிட்டுப் போயி, பா பான்னு கூப்புட்டுக் கோழிக்கு எறைச்சா. எறைச்சதோட உட்டாளா? நல்ல மனசுக்காரி, வெறும் மொறத்தைத் தட்டிச் சுத்தம் பண்ணி, மயிலையோட தொட்டி மேலயே கொண்டுபோய் வெச்சுட்டு வந்தா. அதோட யாவாரம் முடிஞ்சுபோச்சு.

ஆதிரை எந்திரிச்சு நேரா கட்டுத்தரைக்குப் போயிருச்சு. வதனி பாலை ஆத்திக்கிட்டே பின்னால போனா.

"ஆது, வா, பால் குடி."

புள்ள நிமிந்து பாத்துச்சு. வூட்டுக்கு வந்த அசலூர்க்காரங்களை நாங்க எப்பிடிப் பாப்போமோ அப்பிடிப் பாத்துச்சு. பொறந்ததுல இருந்து மெட்ராஸ் பேச்சுப் பேசுன புள்ள, அச்சு அசலா எங்க பேச்சுல கேட்டுச்சு:

"ஏனுங்க, யாரைத் தேடறீங்க?"

வதனி வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சா. புள்ள மரியாதையா எந்திரிச்சு நின்னு, "எங்கம்மா தண்ணி குடிக்கறாங்க, சித்தெ இருங்க, வந்துருவாங்க"ன்னு தாழியைக் கை காட்டுச்சு. அங்க மயிலைதான் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்துச்சு. வதனி கையில இருந்த டம்ளர் கீழ உழுந்த சத்தம் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.

செழியன் தம்பி மொதல்ல கோவப்பட்டாரு, அப்புறம் பயந்தாரு, அப்புறம் புள்ளையை வாரித் தூக்கிக்கிட்டுக் காருக்கு ஓடுனாரு. எந்த மாடும் முட்டலை, எந்த நாயும் கொரைக்கலை. புள்ளதான் அவரு தோள்ல கெடந்துக்கிட்டே, "ஏனுங்க, எங்கம்மா தேடுவாங்க, எறக்கி உட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு கெஞ்சுச்சு. புள்ளை புடிக்கறவன்கிட்ட மாட்டுன கொழந்தை எப்பிடி அழுகும், அப்பிடி அழுதுச்சு. எந்த அப்பன் தாங்குவான்? தோட்டத்து வாசல்லயே எறக்கி உட்டுட்டு மண்ணுல உக்காந்துட்டாரு.

சேதி ஊருக்குள்ள போச்சு. பால் ஊத்திக்கிட்டுப் போற ராக்கியப்பண்ணன்தான் மொத ஆளா வந்தாரு. எங்கூர்ல எந்த வெவகாரம்னாலும் அவரு வந்து மூக்கை நொழைக்காம தீராது. வதனியைப் பாத்து ஒரே கேள்விதான் கேட்டாரு.

"தவிட்டைக் கை நீட்டி வாங்கிட்டீங்களா அம்மிணி?"

"வாங்கி... கோழிக்குப் போட்டுட்டேன்."

"அப்ப முடிஞ்சுதுங்க"ன்னுட்டு அவரு பாலை அளக்கப் போயிட்டாரு.

டேசன்ல இருந்து ஏட்டு வந்தாரு. நல்ல மனுசன்தான், மோர் குடுத்தேன், குடிச்சுட்டு வெவரமா விசாரிச்சாரு. "அந்த வார்த்தையை நீங்க சொன்னீங்களாம்மா?" "வெளையாட்டுக்குச் சொன்னேன் சார்." "நீங்க வெளையாட்டுக்கு வித்தீங்க சரி, மாடு வெளையாட்டுக்கு வாங்கலையே?"ன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, இதை எந்தப் பிரிவுல போடறதுன்னு தெரியலைன்னு சொல்லிட்டு வண்டியை முறுக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

எங்க ஊருக்காரங்களுக்கு அதுக்குள்ள ஏகப்பட்ட சோலி வந்துருச்சு. புள்ளைக்குத் தாய்மாமன் யாருன்னு டீக்கடையில ஒரு பஞ்சாயத்து. ராக்கியப்பண்ணன் வூட்டுக் காளை மயிலையோட ஒரே வயித்துல பொறந்தது, ஆகக்கொண்டு அதுதான் மாமன்னு தீர்ப்பாச்சு. அந்த அண்ணனே காளை சார்புல பட்டுப்பாவாடை, வளையலு, பூ, பழம் எல்லாம் தட்டுல வெச்சுக்கிட்டு வந்தாரு, காளையும் கூடவே வந்து நின்னுச்சு. பொம்பளைங்க வரிசையா வந்து மயிலையோட நெத்தியில மஞ்சளை வெச்சு, "தாயி, கொடுத்து வெச்சவ நீ"ன்னு கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க. பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து, இங்க சேக்கறதா இருந்தா இனிசியல் 'ம'ன்னு போடலாமான்னு என்னைக் கேட்டாங்க. ஒருத்தராச்சும் வதனியைப் பாத்து அய்யோன்னு சொல்லோணுமே! சொல்லலை. பட்டி பெருகுன சந்தோசத்துல இருந்தாங்க.

வதனி வெலையை ஏத்திக்கிட்டே போனா. மூட்டை தவிட்டை எறக்குனா, பருத்திக்கொட்டை, புண்ணாக்குன்னு டெம்போவுல கொண்டாந்து கொட்டுனா. மயிலை மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கிட்டப் போகலாம்னு போனா, ஆடுக வந்து அன்பா காலுல சாஞ்சு சாஞ்சு அவளைப் பின்னாலயே தள்ளிக்கிட்டுப் போகும். கருப்பன் வாலை ஆட்டிக்கிட்டே கட்டுத்தரை வாசல் படலுக்குக் குறுக்கால படுத்துக்கும், கையை நக்கும், நகராது. மொறைச்சாலாவது சண்டை போடலாம். அன்பா தடுக்கறதை என்ன பண்றது? அவ ரூமுல படுக்கலை, சோறு திங்கலை, படலுக்கு வெளிய வெயில்லயும் பனியிலயும் உக்காந்தே கெடந்தா.

அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. புள்ளைக்குப் பேச்சுக் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மொத நாளு வாய் நெறைய ஏனுங்க, வாங்க, போங்கன்னுச்சு. அப்புறம் ஆமாங்க, இல்லீங்க மட்டும் நின்னுச்சு. பொங்கலன்னிக்கு ஒரே ஒரு சொல்லுதான் மிச்சம், "ம்மா"ன்னு. அதுவும் மயிலையைப் பாத்து, மயிலை சொல்ற மாதிரியே, முன்னால இருக்கற 'அ' இல்லாம. வதனி அந்த ஒரு எழுத்துக்காகக் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

அன்னிக்கு ராக்கியப்பண்ணன் வந்து சொன்னாரு, "நாளைக்குப் பட்டிப்பொங்கலுங்க. பொழுதோட மாடு கன்னெல்லாம் பாத்தி கட்டுன தெப்பக்குளத்தை மிதிக்கும். புள்ளையும் கூட மிதிச்சுட்டா அது பட்டியோட சேந்துரும். அதுக்கப்புறம் சாமி வந்தாலும் பிரிக்க முடியாது." ஆறுதலு சொல்ற மாதிரிதான் சொன்னாரு. எனக்கே அவரு மூஞ்சியில சாணியைக் கரைச்சு ஊத்தலாம் போல இருந்துச்சு.

பட்டிப்பொங்கலன்னிக்கு மத்தியானம் வட்டல்ல சோத்தைப் போட்டுக்கிட்டு அவகிட்டப் போனேன். எனக்கு அழுகை வந்துருச்சு. "ஒரு வாயாச்சும் தின்னு சாமி"ன்னேன். அவ கட்டுத்தரையோட மூலையையே பாத்துக்கிட்டிருந்தா.

"அது என்னக்கா? தோல் பை மாதிரி."

சொன்னேன். கன்னு செத்தது, வைக்கோல் திணிச்சது, மயிலை அதை நக்கறது, எல்லாத்தையும் சொன்னேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"செத்துப்போச்சுன்னு."

"யாரு அம்மிணி போயிச் சொல்றது? மாட்டுக்கிட்ட யாராச்சும் சாவு சொல்லுவாங்களா?"

அவ வட்டலை ஓரமா நகத்தி வெச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "எனக்கும் யாரும் சொல்லலைக்கா. மொத குழந்தைக்கு. தூங்குது, அப்புறம் கொண்டு வர்றோம்னு சொல்லி எடுத்துட்டுப் போனாங்க. நான் பால் கட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டே இருந்தேன்." எந்திரிச்சு மூஞ்சியைக் கழுவுனா. "உங்க சேலை ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா. குடுத்தேன். கட்டிக்கிட்டா.

பொழுதோட ஊரே எங்க தோட்டத்துல நின்னுச்சு. மண்ணுல பாத்தி கட்டித் தண்ணி உட்டு, ஆவாரம்பூ, மஞ்சள், கரும்பு எல்லாம் வெச்சுத் தெப்பக்குளம் ரெடி. மாடுகளுக்குக் கொம்புல வர்ணம், கழுத்துல மாலை. எல்லாத்துக்கும் முன்னால மயிலை, அதோட கழுத்துக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு ஆதிரை, காளைமாமன் குடுத்த பட்டுப்பாவாடை, கழுத்துல ஒரு மாலை. மேளக்காரன் அடிக்க ஆரம்பிச்சான். பட்டி பெருகோணும்னு கூட்டம் கூவுச்சு. மயிலை முன்னங்காலைத் தூக்குச்சு.

வதனி அந்த வைக்கோல் கன்னை இடுப்புல இடுக்கிக்கிட்டுக் குறுக்கால வந்தா. ஆடுக சாஞ்சு தள்ளுச்சு, அவ விழுந்தா, எந்திரிச்சா, மறுபடியும் வந்தா. தெப்பக்குளத்துக்கும் மயிலைக்கும் நடுவுல நின்னு கன்னைக் கீழ போட்டா. தையலைப் பிரிச்சா. உள்ள இருந்த வைக்கோலைக் கை கையா அள்ளி வெளிய எடுத்து மயிலை காலடியில போட்டா. மேளம் நின்னுபோச்சு. எங்கூட்டுக்காரரு, "ஏம்மா, அதைத் தொடாதீங்க"ன்னு ஓடி வந்தாரு, நான் அவரு வேட்டியைப் புடிச்சு இழுத்து நிறுத்துனேன்.

"மயிலை, உன் கன்னு செத்துப்போச்சும்மா"ன்னா. "ஐப்பசியிலயே செத்துப்போச்சு. இது வெறும் வைக்கோல். உன்னை ஏமாத்திட்டாங்க. எனக்கும் ரெண்டு செத்துப்போச்சு. இவ மூணாவது. இவளை நான் யாருகிட்டயும் வாங்கலை. நான்தான் பெத்தேன். தவிட்டுக்கு வாங்குனேன்னு சொன்னது பொய்யி."

சொல்லிட்டு, சாவு வூட்டுக்குப் போற பொம்பளை பறிகுடுத்தவளை எப்பிடிக் கட்டிக்குவாளோ அப்பிடி மயிலையோட கழுத்தைக் கட்டிக்கிட்டுக் கதறுனா. மயிலை தோலை மோந்து பாத்துச்சு. வைக்கோலை மோந்து பாத்துச்சு. அப்புறம் தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, அதைக் கேட்டுட்டு எங்க ஊர்ப் பொம்பளைக ஒருத்தருக்கும் நிக்க முடியலை. நல்ல நாளும் அதுவுமா, பட்டுச்சேலையும் கனகாம்பரமுமா, ஒவ்வொருத்தியா வந்து மயிலையைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். எங்கூட்டுக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. ராக்கியப்பண்ணன் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு, துக்கத்துக்கு நிக்கற மாதிரி.

அழுது ஓஞ்சதும் வதனி மண்டி போட்டு, சேலை முந்தானையை மயிலைக்கு முன்னால விரிச்சா.

"தவிடு வேண்டாம், பருத்திக்கொட்டை வேண்டாம், வெலையே பேசலை தாயி. மடிப்பிச்சை கேக்கறேன். எனக்குக் குடு."

மயிலை அசையலை. புள்ள கயித்தை உடலை. "ம்மா"ன்னுச்சு. மயிலையும் திரும்புச்சு, வதனியும் திரும்புனா. மயிலை புள்ளையோட தலையில இருந்து கழுத்து வரைக்கும் ஒரு தரம் நக்குச்சு, பொறந்த கன்னை நக்கற மாதிரி, நல்லா அழுத்தி. அப்புறம் கொம்பை ஒதுக்கிக்கிட்டு, நெத்தியால முதுகைப் புடிச்சு ஒரு தள்ளு. புள்ள முந்தானையில போயி உழுந்துச்சு.

உழுந்த புள்ள எந்திரிச்சு உக்காந்து, முழங்கையில ஒட்டுன மண்ணைப் பாத்துட்டு, வாயைக் கோணிக்கிட்டு, "அம்மா, வலிக்குது"ன்னுச்சு. அந்த 'அ' முழுசாக் கேட்டுச்சு.

தெப்பக்குளத்தை அந்த வருசம் எந்த மாடும் மிதிக்கலை. தோலைத் தென்னை மரத்துக்கிட்டக் குழி தோண்டிப் பொதைச்சோம், எங்கூட்டுக்காரரே தோண்டுனாரு. போர்டுல 'அன்பான'ங்கற வார்த்தையை மட்டும் சுண்ணாம்பை அடிச்சு அழிச்சுட்டாரு.

மறுநாள் காத்தால அவங்க கெளம்புனாங்க. ஆடுக வந்து சாஞ்சுது, வான்கோழி கார் மேல ஏறி உக்காந்துச்சு, கருப்பன் கையை நக்கிட்டு வழி உட்டுருச்சு. காருக்கிட்ட நின்னு ஆதிரை கேட்டுச்சு.

"அம்மா, நெஜமாவே என்னை எவ்வளவு தவிட்டுக்கு வாங்குனே?"

வதனி மண்டி போட்டு அதோட மூஞ்சியைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டா.

"தவிட்டுக்கு இல்லடி தங்கம். மொதல்ல பெத்து எடுத்தேன். அப்புறம் மயிலைகிட்டப் பிச்சை எடுத்தேன்."

கட்டுத்தரையில மயிலை அசை போடறதை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு நின்னுச்சு. காரு ரோட்டு முக்குல திரும்பி மறையற வரைக்கும் அப்பிடியே நின்னுச்சு. அப்புறம் தொட்டிக்குள்ள தலையை உட்டு, மூக்குல வாயில எல்லாம் அப்பிக்கிட்டு, தவிட்டைத் திங்க ஆரம்பிச்சுது.